பயத்தங்காய்க் கொடிக்கு மத்திக் கரைசல்

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக மீன் வந்தது அப்பாவுக்காக. அவர் சாப்பிடுவதற்காக அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் எங்கள் தெருக்காரர்கள் யாராவது படித்துவிட்டுக் கரமனையில் இருக்கிற அத்தைவரைக்கும் சேதி கொண்டுபோய்விடுவார்கள். மீன் வந்தது மொட்டை மாடியில் இருந்த பயத்தங்காய்க் கொடிக்கு. மற்றவர்கள் காராமணி என்று சொல்கிற, முழ நீளத்துக்குத் தொங்கும் அந்தக் காயைத்தான் நாங்கள் பயத்தங்காய் என்போம். மீன் கொடிக்கு, கொடியில் காய்ப்பது அப்பாவுக்கு. இதில் ஒரு தப்பும் இல்லை என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள், கோயில் குளத்தை ஒட்டிய அக்கிரகாரத் தெருவில் எங்கள் வீடு. ஒரு சுவரை இரண்டு வீடுகள் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும் தெரு அது. எங்கள் அடுக்களையில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டு மாமா தும்முவார். தும்மிவிட்டு, இன்றைக்கு எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பதையும் சொல்லிவிடுவார். அங்கே மீனை ஒளித்துவைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

அதிலும் அப்பா ஆசாரத்தில் கெட்டி. அவர் விவசாய இலாகாவில் குமாஸ்தா. வருஷக்கணக்காக விதையையும் உரத்தையும் பற்றிக் கோப்பு எழுதியவர், ஒரு கீரை விதையைக்கூட மண்ணில் ஊன்றியதில்லை. அலுவலக கேன்டீனில் ஆம்லெட் போடுகிறார்கள் என்பதற்காக, சர்வீஸ் முழுவதும் வீட்டிலிருந்து ஃப்ளாஸ்கில் காபி கொண்டுபோனார். கூட வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணத்தில் பக்கத்துப் பந்தலிலிருந்து மீன் பொரிக்கும் வாசனை வந்தது என்று, வெறும் வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு வந்தார். இதையெல்லாம் அவர் வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்ளமாட்டார். அம்மாதான் சொல்லிக்கொள்வாள்.

எனக்கு ஒன்பது வயதாகும்போது அப்பாவுக்குத் தொண்டையில் புண் என்றார்கள். எனக்கும் ஐஸ் தின்றால் தொண்டையில் புண் வரும், இரண்டு நாள் உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் போய்விடும். அப்பாவுக்குப் போகவில்லை. அது சாப்பாடு இறங்கும் குழாயில் வந்த கட்டி என்பதும், அந்தக் கட்டியின் பெயரும் என் காதில் விழாமல் எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள். அப்பா நீண்ட லீவு போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தார். முடி கொட்டியது. இட்லியை அரை மணி நேரம் மென்றார்.

ஜனவரியில் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், இனிமேல் பத்தியம் ஒன்றும் வேண்டாம், பிடித்ததைச் சாப்பிடட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அம்மா சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்தியம் நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா அம்மாவிடம் கேட்டார்.

"பயத்தங்காய் மெழுக்குபுரட்டி பண்றயா? கொழையக் கொழைய வேகவெச்சு. அது எறங்கும்னு தோண்றது."

காயைப் பொடியாக நறுக்கி வேகவைத்துத் தேங்காயெண்ணெயில் புரட்டி எடுத்தால் மெழுக்குபுரட்டி. எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் செய்கிற கறிதான். அம்மா அப்போதே பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். வெறும் பையோடு திரும்பி வந்தாள்.

அதற்குக் காரணம் அத்தை. அப்பாவின் அக்கா. கரமனையிலிருந்து வாரம் ஒரு முறை வந்து, அப்பாவின் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து அழுதுவிட்டு, அடுக்களைக்கு வந்து அம்மாவைக் குடைவாள். தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வருகிற காய்கறியெல்லாம் விஷம், அதைத் தின்றுதான் தன் தம்பிக்கு இந்த நோவு வந்தது என்பது அவள் கட்சி. அந்த வருஷங்களில் ஊர் முழுக்க அதே பேச்சாகத்தான் இருந்தது. அம்மா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். லாரி வருவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். தன் பிறந்தகத்தையே குற்றம் சொன்னதுபோல் அவள் முகம் சுருங்கும், எதிர்த்து ஒன்றும் பேசமாட்டாள். ஆனால் அந்தப் பேச்சு அவளுக்குள் போய் நன்றாக உட்கார்ந்துவிட்டது. அன்று கடையில் பயத்தங்காய் இருந்ததாம். கட்டுக்கட்டாக, பளபளவென்று. ஒரு கட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். ஒரு ஓட்டைகூட இல்லையாம்.

"புழுவே தொடாத காயை நான் எப்படி இவருக்குக் குடுப்பேன்?" என்று அடுக்களையில் நின்றுகொண்டு என்னிடம் கேட்டாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அப்பாவிடம் போய், மருந்தடிக்காத காயாக மாடியில் தானே போட்டுத் தருவதாகவும், இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்போது என்ன நினைத்திருப்பார் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

"போடு, போடு. நான் எங்கே போகப் போறேன்" என்றார்.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மலையாளிச் சேச்சி இருந்தாள். அவள் வீட்டு மாடியில் வெண்டையும் பாகலும் தக்காளியும் எப்போதும் காய்த்துக் கிடக்கும். அவளைக் கேட்டு அம்மா எட்டு அரிசிச் சாக்குகளை நிரப்பினாள். மண் ஒரு பங்கு, கோயில் மாட்டுக்கொட்டிலிலிருந்து காய்ந்த சாணி ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மேலே பிடி வேப்பம்புண்ணாக்கு. கூடவே எலும்புப் பொடி என்று சேச்சி ஆரம்பித்தபோது அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். சேச்சி சிரித்துவிட்டு, "வேண்டங்கில் வேண்ட மாமி, பஞ்சகவ்யம் அடிச்சா மதி" என்றாள்.

பஞ்சகவ்யம் போதும் என்றதும் அம்மாவுக்கு உயிர் வந்தது. ஆவணி அவிட்டத்தன்று ஆண்கள் உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சுகிற சமாசாரம். அதைச் செடிக்குக் கொடுப்பதில் என்ன தோஷம்? சாணியும் கோமியமும் பாலும் தயிரும் நெய்யும் கலந்து, பழுத்த பூவன் பழத்தைப் பிசைந்துபோட்டு, இளநீரும் விட்டு, பானையில் வைத்துக் காலையும் மாலையும் கிளறினாள். குளித்துவிட்டுத்தான் கிளறுவாள். மூன்று வாரம் கழித்து அதைத் தண்ணீரில் கரைத்து இலைமேல் தெளித்தாள். தனக்கு ஒரு ஸ்பூன் நெய்யோடு நிறுத்துகிறவள், செடிக்கு இவ்வளவு ஊற்றுகிறாளே என்று அப்பா படுக்கையிலிருந்து கேலி பண்ணினார்.

கொடி கட்டுக்கடங்காமல் படர்ந்தது. கரும்பச்சை இலைகள். மாடி முழுக்க நிழல். ஆனால் காய் இல்லை. பூ வரும், இரண்டாம் நாள் உதிரும். காலையில் துடைப்பத்தோடு போகிற அம்மா அந்தப் பூக்களைப் பெருக்காமல் பொறுக்கி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். பிறகு, மோரும் தேங்காய்ப்பாலும் ஒரு வாரம் புளிக்கவைத்துத் தெளித்தால் பூ நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். தெளித்தாள். சில பூக்கள் நின்றன. நின்ற பூக்களைக் கறுப்பு அசுவினிப் பூச்சி வந்து மொய்த்தது. சாம்பலைத் தூவினாள். கடைசியில் மார்ச் மாதத்தில் மொத்தம் நாலு காய் தேறியது, அதிலும் ஒன்று கொக்கிபோல் வளைந்து.

நாலு காயை நறுக்கினால் ஒரு கரண்டி கறி வந்திருக்கும். அப்பா அப்போது குழைந்த சாதமும் ரசமும் மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார். ஆனால் முதல் காய்ப்பு சுவாமிக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா அந்த நாலையும் வாழையிலையில் சுற்றி, கோயில் மடைப்பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். எத்தனையோ படி அரிசி வேகிற அந்த மடைப்பள்ளியில் எங்கள் நாலு பயத்தங்காய் எந்த அண்டாவில் போயிற்றோ தெரியாது. எனக்கு அந்த நாலு காயின்மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

அதற்குப் பிறகுதான் மத்தி.

அப்பாவின் ஆபீஸ் பையில் இலாகா அச்சிட்ட மலையாள நோட்டீஸ்கள் கிடந்தன. அம்மாவுக்கு மலையாளம் பேசவரும், எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிக்கிற நான்தான் வாசித்துச் சொன்னேன். பூ உதிராமல் காய் அதிகம் பிடிக்க என்று ஒரு நோட்டீஸ். மத்தி மீன் ஒரு கிலோ, வெல்லம் ஒரு கிலோ. மீனைத் துண்டு போட்டு வெல்லத்தோடு பிசைந்து மூடிவைத்து, நாற்பது நாள் கழித்து வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு சின்ன ஸ்பூன் விட்டு இலையில் தெளிக்க வேண்டும். நான் மீன் என்று படித்ததுமே நிறுத்திவிட்டேன். அம்மா நிறுத்தவில்லை.

"மேலே படி" என்றாள்.

எலும்புப் பொடிக்குக் காதைப் பொத்திக்கொண்டவள், இரண்டே மாதத்தில் அந்த இடத்துக்கு வந்திருந்தாள். ரசம் சாதம் போய் அப்பா கஞ்சிக்கு வந்திருந்தார். வெயில் காலத்துக்குக் கஞ்சிதான் நல்லது என்று அவர் சொல்வார். ஆமாம் என்று அம்மாவும் சொல்வாள்.

புது விதை ஊன்றிய அன்றே மீனும் வந்தது. மத்தியை வாங்கியதும் நறுக்கியதும் சேச்சி. அவள் வீட்டுக் கொல்லையிலேயே வேலை முடிந்தது. அம்மா சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, நெய்ப்பாயசத்துக்கு வைத்திருந்த வெல்லத்தைச் சீவிச் சீவிச் சுவர்மேல் வைத்தாள். பிளாஸ்டிக் டப்பா சுவரைத் தாண்டி வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு விரலால் வாங்கினாள். அடுக்களை வழியாகப் போகாமல், கொல்லைப்புறப் படி வழியாகவே மாடிக்குக் கொண்டுபோனாள். நாற்றம் வந்துவிடக்கூடாதே என்று மூடியை இறுக்கி, மேலே பாலிதீன் போட்டுக் கயிற்றால் கட்டி, அதற்கும் மேல் ஒரு சாக்கைச் சுற்றினாள். பிறகு தலையோடு குளித்துவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பாகிட்ட மூச்சு விடாதே, கேட்டயா? தெரிஞ்சா காயை வாயிலே வெக்க மாட்டார்."

ஒன்பது வயதில் எனக்கு யாரும் அதுவரை ரகசியம் என்று எதையும் கொடுத்ததில்லை. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

விஷுவுக்கு முந்தின நாள் டப்பா வெடித்தது. பட்டாசுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். மூடி பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் மோதியது. பத்து நிமிஷத்தில் தெரு முழுக்க நாற்றம். எங்காவது பெருச்சாளி செத்துக்கிடக்கும் என்று முடிவுகட்டி, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மாமாக்கள் எல்லாரும் சாக்கடை மூடியைத் தூக்க ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டு மாமா கற்பூரத்தை ஏற்றி மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தலைமை தாங்கினார். அம்மாவும் வாசலுக்குப் போய், ஆமாம், எங்காத்துலயும் தாங்கலை என்று அவர்களோடு சேர்ந்துகொண்டாள். அவள் அவ்வளவு நன்றாகப் பொய் சொல்வாள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

உள்ளே அப்பா கட்டிலில் படுத்திருந்தார். மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து பெருங்காய வாசனைக்கே குமட்டுகிறவர் அவர். நான் பயந்துபோய் ஜன்னலை மூடப் போனேன். வேண்டாம், காற்று வரட்டும் என்றார். விட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். செத்த பெருச்சாளிக்கு என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் நோட்டீஸை எடுத்துப் பார்த்தபோது, மூன்று நாளுக்கு ஒரு முறை மூடியைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. நான் படிக்காமல் விட்ட வரி. அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சேச்சி சொல்லி அவள் தெரிந்துகொண்டாள். டப்பாவில் மிச்சம் இருந்ததே எட்டு சாக்குக்குத் தாராளம்.

மே மாதம் பிறந்து, கொடி மொட்டு விடும்போது கரைசலும் தயாராகிவிட்டது. வடிகட்டியபோது தேன் நிறத்தில் இருந்தது. அவ்வளவு மோசமான நாற்றம்கூட இல்லை, புளித்த பழம்போல் ஒரு வாடை. துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியிலும் மேலும் படும்படி அம்மா தெளிப்பாள். அதற்கென்று ஒரு பழம்புடவை. தெளித்து முடித்ததும் குளியல். வாரத்துக்கு ஒரு முறை இது நடந்தது. விடுமுறையானதால் நான் கூடவே இருந்தேன்.

அந்தக் கொடி பேசியது என்றுதான் சொல்லவேண்டும். பூக்கள் ஜோடி ஜோடியாக வந்தன. வந்த பூ உதிரவில்லை. பூவுக்குள்ளிருந்து பச்சை நூல்போல் பிஞ்சு எட்டிப் பார்க்கும், மறுநாள் விரல் நீளம், அதற்கு மறுநாள் சாண். நான் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்து கீழே ஓடிவந்து அப்பாவிடம் சொல்வேன். அவர் இரண்டு கையையும் விரித்து, இவ்வளவா, இவ்வளவா என்று கேட்பார். அவர் முழங்கை எலும்பு அப்போது எனக்குத் தெரியும்படி துருத்திக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு எதிலும் கண் இல்லை, கொடியில்தான் கண். நாளைக்குப் பறிக்கலாமா, இன்னும் ஒரு நாள் போகட்டுமா, நிறையச் சேரட்டுமா என்று தனக்குள் பேசிக்கொண்டே இருந்தாள்.

எனக்கோ வேறு கவலை. அந்த லீவில் என்னை ஸ்லோக வகுப்பில் சேர்த்திருந்தார்கள். ஆசாரம் கெட்ட வீட்டில் சுவாமி கால் வைக்கமாட்டார் என்று அங்கே சொல்லிக்கொடுக்கிற மாமி சொன்னாள். பொதுவாகத்தான் சொன்னாள். எங்கள் வீட்டு மாடியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நான் முடிச்சுப் போட்டுவிட்டேன். அப்பாவைக் குணப்படுத்த வேண்டியவர் சுவாமி. எங்கள் மாடியிலோ மீன். அப்பா அந்தக் காயைச் சாப்பிட்டுவிட்டால் சுவாமி திரும்பிப் போய்விடுவார். அப்புறம் யார் குணப்படுத்துவது? மூன்று நாள் இதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் காலை அம்மா பறித்தாள். முப்பத்தைந்து காய் இருக்கும். மடி நிறைய ஏந்திக்கொண்டு இறங்கி வந்தாள். இந்தத் தடவை மடைப்பள்ளிக்கு ஒன்றும் போகவில்லை. பொடிப்பொடியாக நறுக்கினாள். மிளகாய் போடாமல், உப்பு மட்டும் போட்டு, மசிய மசிய வேகவைத்து, புது எண்ணெயில் புரட்டினாள். அந்த வாசனை எனக்கு இப்போதும் வரும். வெள்ளிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனாள். அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள்.

"சாப்பிடுங்கோ" என்றாள். கிண்ணத்தை அவர் கைக்கு எட்டும்படி நீட்டினாள்.

அப்பா ஒரு துண்டை எடுத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். பிறகு கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். கை வாய்வரைக்கும் போயிற்று. நான் கதவோரத்திலிருந்து கத்திவிட்டேன்.

"அப்பா, சாப்பிடாதேங்கோ. அதுல மீன் இருக்கு."

அப்புறம் அழுகையோடு எல்லாவற்றையும் கொட்டினேன். மத்தி, வெல்லம், சேச்சி, டப்பா வெடித்தது, பெருச்சாளி இல்லை என்பது, சுவாமி வரமாட்டார் என்பது. என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அந்தத் துண்டைக் கிண்ணத்தில் திரும்ப வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இவ்வளவு ஆசாரமான மனிதருக்கு ஏன் கோபம் வரவில்லை என்று அப்போதே யோசித்தேன்.

"அப்படியா சமாசாரம். அப்போ எனக்கு வேண்டாம்" என்றார். அம்மாவிடம் திரும்பி, "நீ சாப்பிடு. என் முன்னாடியே சாப்பிடு" என்றார்.

அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் துண்டை வாயில் போட்டாள்.

"எளசா இருக்கோ?"

"இருக்கு."

"நார் இல்லையே?"

"இல்லை."

"தித்திக்கறதோ?"

அம்மா மென்றுகொண்டே தலையை ஆட்டினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கிண்ணத்துக்குள் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் அப்பா ஏதாவது கேட்டார். உப்பு போதுமா, எண்ணெய் தூக்கலா, கடைக் காய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம். அவளும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

அப்பா ஜூன் மாதம் மழை பிடித்த இரண்டாவது வாரம் போய்விட்டார். பதின்மூன்று நாள் காரியம் நடந்தபோது மாடிக்கு யாரும் போகவில்லை. கொடிக்கு அது தெரியாது. அது காய்த்துக்கொண்டே இருந்தது. சேச்சி சுவரேறி வந்து பறித்து, தெருவுக்கு வெளியே கொண்டுபோய் யார் யாருக்கோ கொடுத்தாள். ஒரு கூடை, இரண்டு கூடை என்று பறித்தாளாம். அவ்வளவு காய்ப்பைத் தன் மாடியில்கூடப் பார்த்ததில்லை என்று அம்மாவிடம் பிற்பாடு சொன்னாள்.

நான் வெகுநாள் இதைச் சுமந்தேன். முதலில் கொஞ்ச நாள் சுவாமிமேல் கோபம். அப்பாவைச் சாப்பிடவிடாமல் நான் தடுத்தும் சுவாமி வரவில்லையே என்று. வளர்ந்த பிறகு கோபம் என்மேல் திரும்பியது. ஐந்து மாதம் ஆசைப்பட்ட ஒரு வாய்க் கறியை அப்பா வாயிலிருந்து பிடுங்கினவள் நான். ஹாஸ்டலில் பயத்தங்காய் போட்டால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

இப்போது அதே ஊரின் கோடியில், கழக்கூட்டத்தில் வேலை. ஒன்பதாவது மாடியில் வாடகை ஃபிளாட், அம்மா என்னோடு இருக்கிறாள். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே சூப்பர்மார்க்கெட்டிலிருந்து வந்த காய்களை அவள் ஆய்ந்துகொண்டிருந்தாள். அதில் பயத்தங்காயும் இருந்தது. நான் வாங்கவில்லை, அவள்தான் வாங்கியிருந்தாள். அன்றுதான் கேட்டேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பா சாப்பிட்டிருப்பாரா என்று.

அம்மா காயை ஒடிப்பதை நிறுத்தவில்லை.

"அதுக்குப் பத்து நாள் முன்னாடியே அவருக்குக் கஞ்சித் தண்ணிகூட எறங்கலை. நான் அந்தண்டை போனதும் துண்டுல துப்பிடுவார். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுண்டிருந்தார்."

"தெரிஞ்சும் ஏன் பண்ணிக் குடுத்தே?"

"காய்ச்சுதே" என்றாள்.

அடுத்த காயை எடுத்துக்கொண்டு அவளே சொன்னாள். அந்த நோட்டீஸைப் பிழை திருத்தி அச்சுக்கு அனுப்பினதே அப்பாதான். மத்தி நாற்றம் எது, பெருச்சாளி நாற்றம் எது என்று அவருக்குத் தெரியாதா. டப்பா வெடித்த பிறகு, மூடியை அவ்வப்போது தளர்த்திவிடும்படி சேச்சியை ஜன்னலோரம் கூப்பிட்டுச் சொன்னதும் அவர்தான், இதைச் சேச்சி காரியமெல்லாம் முடிந்த பிறகு சொன்னாளாம்.

"ஜனவரியிலே கடைலே ஒரு கட்டைக் கையிலே எடுத்தேனே, அதை வாங்கிண்டு வந்திருக்கலாம்" என்றாள் அம்மா. ஒடித்த காயைக் கிண்ணத்தில் தள்ளினாள்.

விழுங்க முடியவில்லை என்று அப்பா அன்று சொல்லியிருந்தால், இரண்டு மாதம் தாமதமாகக் காய்த்துவிட்டது என்று சொன்னதாக ஆகியிருக்கும். வெறும் பையோடு திரும்பிய நாளும், கோயிலுக்குப் போன நாலு காயும் அம்மாவின் தலையில் வந்து விழுந்திருக்கும். அந்த நேரம் பார்த்து நான் மீன் என்று கத்தினேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க ஒரு மனிதர் காத்துவந்த ஆசாரம், கடைசியில் அவருக்கு ஒரு சாக்காகப் பயன்பட்டது. அம்மாவும் அதை நம்பியதுபோல் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இதெல்லாம் இருபத்தைந்து வயதில் எனக்குப் புரிகிறது, புரிந்து அழுகையாக வருகிறது.

அன்றைக்கு எனக்கு எல்லாம் காதில் விழுந்தது, ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் என்ற திருப்தியோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். கிண்ணம் காலியாகிக்கொண்டே வந்தது. மீன் என்று நான் சொன்ன பிறகும் இப்படி ருசித்துச் சாப்பிடுகிறாளே, எனக்கு ஒரு துண்டு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லையே என்று அம்மாமேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. கடைசி வாயையும் அவளே போட்டுக்கொண்டபோது, நான் கோபித்துக்கொண்டு வாசலுக்கு விளையாடப் போய்விட்டேன்.